குளச்சலில் இரண்டாம் நாள் பயிற்சி

ஜாஸ்மிக்குத் தன்னைப் பற்றி ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே இருந்ததில்லை. தான் யாரையும் ஏற்றத்தாழ்வாகப் பார்க்கிறவள் அல்ல என்பதுதான் அது. குழித்துறைப் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தவரின் மகள். சி.எஸ்.ஐ. சபையில் ஆறு வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவள். சமூகப்பணியில் முதுகலை முடித்து, நாகர்கோவிலுக்கு மேற்கே இருந்த ஆறுதல் மனநல மருத்துவமனையில் இரண்டு வருடமாக ஆலோசகராக இருந்தாள். ஆகவே 2014 ஜனவரியில் அந்தக் கடிதம் வந்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை. உள்ளுக்குள் ஒரு துள்ளல்தான் வந்தது.

கடிதம், மருத்துவமனைக்கு நிதி கொடுக்கும் அறக்கட்டளையிலிருந்து வந்திருந்தது. அவர்களுடைய ஆய்வாளர் ஒருவர் வந்து இரண்டு நாள் பைல்களைப் புரட்டிவிட்டுப் போயிருந்தார். "உங்களிடம் வரும் கடற்கரை ஊர்க்காரர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பூட்டு வார்டுக்குப் போகிறார்கள். உள்நாட்டு ஊர்க்காரர்களில் பத்துக்கு இரண்டு பேர். கடற்கரையில் நோய் அவ்வளவு கடுமையா, அல்லது உங்கள் கண்ணில் ஏதாவதா? ஊழியர் அனைவருக்கும் இரண்டு நாள் பயிற்சி அவசியம்."

தலைமை மருத்துவர் தங்கப்பன் அதை மூன்று தடவை வாசித்தார். அவர் பேசுவது எதிரே இருப்பவர் முன்னால் சாய்ந்தால்தான் கேட்கும். சத்தம் என்றால் அவருக்கு ஆகாது. மருத்துவமனைக்குள் ஏழு இடத்தில் 'அமைதி காக்கவும்' என்று பலகை மாட்டி வைத்திருந்தார். எட்டாவது பலகை அவருடைய காரின் பின்கண்ணாடியில் இருந்தது.

"ஜாஸ்மி, நீங்களே ஏற்பாடு பண்ணிருங்க" என்றார். அவள் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பேருந்தில், இந்தப் பயிற்சி யாருக்கெல்லாம் தேவை என்று அவள் மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டாள். முதல் பெயர் தலைமை நர்ஸ் நேசபாய். கடற்கரைக் குடும்பம் உள்ளே வந்தாலே பக்கத்து அறைக் கதவைச் சாத்துகிறவர். இரண்டாவது டாக்டர் தங்கப்பன். மூன்றாவது புதிதாக வந்த டூட்டி டாக்டர் டெனிஷ். நான்காவதாகப் போட அவளுக்குப் பெயர் கிடைக்கவில்லை. பட்டியல் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து வசுமதி வந்தார். ஐம்பது வயது, நரைத்த குட்டை முடி, ஓயாத சிரிப்பு. 'பண்பாட்டுப் புரிதலும் மனதில் ஒளிந்திருக்கும் சாய்வுகளும்' என்று கூடத்தில் பேனர் கட்டியிருந்தார்கள். முதல் நாள் காலை பதினோரு மணிக்கு ஒரு நாடகப் பயிற்சி இருந்தது. கடற்கரையிலிருந்து ஒரு நடிகர் வந்து மனச்சோர்வு நோயாளியாக நடிப்பார். ஊழியர்கள் கேள்வி கேட்டு, தாங்கள் கண்டதை ஐந்து வரியில் எழுத வேண்டும். பிறகு அதை வைத்து விவாதம். நடிகரை ஏற்பாடு செய்ததும் ஜாஸ்மிதான். குளச்சல் பங்குக் கோயிலில் திருவிழா நாடகம் போடுகிறவர்களுக்குப் போன் செய்து, நல்ல ஒரு ஆளாக அனுப்பச் சொல்லியிருந்தாள். மரியான் என்று ஒருவர் வருவார், ராஜா வேடம் கட்டினால் ஊரே அழும் என்று சொல்லியிருந்தார்கள்.

பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கூடத்தின் கதவு படாரென்று திறந்தது. உள்ளே வந்தது ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் செருகிய சேலை, கையில் ஒரு துணிப்பை, நெற்றியெல்லாம் வேர்வை.

"இங்க ஆராக்கும் பெரிய டாக்டரு?"

அந்தக் குரலைக் கேட்டு, தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியே ஒரு கணம் நின்றது போலிருந்தது. டாக்டர் தங்கப்பன் காதைத் தொட்டார்.

வசுமதி ஜாஸ்மியின் பக்கம் குனிந்து, "ஆம்பளைன்னுல்ல சொன்னீங்க?" என்று கேட்டார்.

"அவருக்கு வர முடியாமப் போயிருக்கும் மேடம். பங்கில வேற ஆளை அனுப்பியிருப்பாங்க."

"என்ட்ரியே பிரமாதம்" என்றார் வசுமதி. எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நடுவில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார வைத்தார். "வாங்கம்மா. இவங்க எல்லாரும் உங்ககிட்ட கேள்வி கேப்பாங்க. மனசுல இருக்கிறதை அப்படியே சொல்லுங்க."

அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள். இருபத்திரண்டு பேர் மடியில் தாள் வைத்துக்கொண்டு தன்னையே பார்ப்பதைக் கண்டதும் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடைசியில் ஒரு வழியாகக் கேட்க ஆள் கிடைத்தார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

"கேளுங்க" என்றாள்.

"உங்க பேரு?" என்று டெனிஷ் தொடங்கினான்.

"ரீத்தா."

"உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. ஒங்களுக்காக்கும் பிரச்சினை! எனக்க தம்பியப் பிடிச்சு அடச்சு வச்சிருக்கிய. மூணு மட்டம் வந்தாச்சு. மூணு மட்டமும் கேட்டுல நிக்க ஆளு 'சத்தம் போடாத, சத்தம் போடாத'ன்னு வெரட்டி விடுகான். நான் எங்க சத்தம் போட்டேன்? பேசினேன்!"

இருபத்திரண்டு பேனாக்கள் ஓடின.

ஜாஸ்மி மென்மையாகக் கேட்டாள். "அக்கா, உங்க தம்பியை யாரோ அடைச்சு வச்சிருக்கிறதா எவ்வளவு நாளா உங்களுக்குத் தோணுது?"

"தோணுதா?" ரீத்தா எழுந்துவிட்டாள். "எனக்குத் தோணுதுன்னா சொல்லுகிய? பதினேழு நாளாச்சு பிள்ளே! நாளைக்கு யேசுரத்தினத்துக்கு முப்பதாம் நாள் பூசை. இவன் போவாண்டாமா? ரெண்டுவேரும் ஒரே வள்ளத்துல போனவனுவ!"

"உக்காருங்க அக்கா. மூச்சை மெதுவா இழுத்து விடுங்க."

"நான் மூச்சு விட்டுட்டுத்தானே நிக்கேன்!"

நேரம் முடிந்ததென்று வசுமதி மணியடித்தார். கூடத்தில் கைதட்டல் எழுந்தது. ஜாஸ்மி ரீத்தாவின் தோளைத் தொட்டு, "கொள்ளாம் அக்கா, அப்படியே உயிரோட நடிச்சிய" என்றாள். ரீத்தா அவளை மேலும் கீழும் பார்த்தாள். இந்த ஆஸ்பத்திரியில் யாருக்கு மருந்து தேவை என்று அப்போது அவள் ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எழுதியதை வாசிக்கச் சொன்னார் வசுமதி. ஜாஸ்மிதான் முதலில் எழுந்தாள்.

"குரல் மிக உயர்வு. அதட்டும் தொனி. எழுந்து நடமாடுகிறார், ஆவேசம் இருக்கிறது. தன் தம்பியை யாரோ அடைத்து வைத்திருப்பதாக உறுதியாக நம்புகிறார், சந்தேகப் பிரமை இருக்கலாம். பூட்டு வார்டில் வைத்துக் கவனிப்பது நல்லது."

வரிசையாக எல்லோரும் வாசித்தார்கள். எல்லாம் ஏறக்குறைய அதே வரிகள். டாக்டர் தங்கப்பன் ஊசிக்கான அளவும் சேர்த்து எழுதியிருந்தார். அந்த நேரத்தில்தான் தலைமை நர்ஸ் நேசபாய் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். பலகாரம் பார்க்கப் போனவர் காலையிலிருந்து கூடத்துக்கே வந்திருக்கவில்லை. நாற்காலியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது சிலுவைமுத்துக்க அக்கா அல்லவா? இவளை ஆரு உள்ள விட்டது?"

"யாரு சிலுவைமுத்து?" என்று வசுமதி கேட்டார்.

"பூட்டு வார்டுல மூணாம் கட்டில். குளச்சல்காரன். பதினேழு நாளா கிடக்கான்."

ஜாஸ்மி தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். 'உறுதியாக நம்புகிறார்' என்ற சொற்கள் அவளையே திரும்பிப் பார்த்தன. எங்கோ பின்வரிசையில் ஒருவர் விக்கலைப் போல ஒரு சிரிப்பைச் சிரித்து அடக்கினார்.

"அப்ப நடிக்க வந்தவர் எங்கே?" என்று வசுமதி கேட்டார்.

"நடிக்க ஒருத்தரும் வரல்லியே மேடம்" என்றார் நேசபாய். "பத்தரைக்கு ஓ.பி.யில ஒரு சாரு வந்தாரு. நல்ல மரியாதக்காரரு. பாவம், மனசு ஒடைஞ்சு போயிருக்காரு. நம்ம டெனிஷ் டாக்டரு பாத்து, மாடியில ஜன்னல் உள்ள ரூம்ல அட்மிட் போட்டாச்சு."

டெனிஷ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அவன் கூடத்துக்கு வருவதற்கு முன்னால் கடைசியாகப் பார்த்தது அந்த மனிதரைத்தான்.

எல்லோரும் மாடிக்கு ஓடினார்கள். ரீத்தாவும் ஓடினாள். 'அமைதி காக்கவும்' பலகைகளைத் தாண்டி இருபத்தைந்து பேர் படியேறிய சத்தத்தில் கீழே இருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். ஜன்னல் உள்ள அறையில், வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியுமாக மரியான் கட்டிலில் சாய்ந்திருந்தார். கையில் ரொட்டி, பக்கத்தில் தேநீர். ஆட்களைக் கண்டதும் ரொட்டியைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, கையை நெஞ்சில் வைத்தார்.

"வந்துவிட்டீர்களா மருத்துவரே! என் உள்ளம் ஓட்டை விழுந்த கலம்போல் ஆழ்கடலில் அமிழ்கின்றது. இனி விடியல் என்று ஒன்று எனக்கு உண்டோ?"

"மரியான் அண்ணே!" என்று ரீத்தா கத்தினாள். "ஒமக்கு என்ன கேடு வந்து?"

"ஏட்டி ரீத்தா, நீயா?" அவர் எழுந்து உட்கார்ந்தார். குரல் கூரையை முட்டியது. "நான் நடிச்சிட்டு இருக்கேண்டி! பேசாத, கலைஞ்சிரும்!"

வசுமதி சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மரியானின் கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். டெனிஷ் எழுதியிருந்தான்: 'பண்பானவர். தெளிவான பேச்சு. நன்றாக ஒத்துழைக்கிறார். திறந்த அறை போதும்.' அதற்குப் பக்கத்தில் ஜாஸ்மி ரீத்தாவைப் பற்றி எழுதிய தாளை வைத்துப் பிடித்தார்.

"ஒரே பங்கு, ஒரே கடற்கரை. ஒருத்தர் நாடகத் தமிழ் பேசினார், ஜன்னல் கிடைச்சுது. ஒருத்தர் வீட்டுத் தமிழ் பேசினாங்க, பூட்டு கிடைச்சுது. ஒருத்தர் சொன்னது முழுப்பொய். ஒருத்தர் சொன்னது முழு உண்மை." தாள்களை மடித்தார். "நாப்பத்தாறு ஸ்லைடு கொண்டுவந்திருக்கேன். இனிமே அதைப் போட எனக்கு வெக்கமா இருக்கு."

"கூத்து முடிஞ்சுதுல்லா?" என்றாள் ரீத்தா. "எனக்க தம்பி எங்க?"

சிலுவைமுத்துவின் பைலை நேசபாய் எடுத்து வந்தார். முதல் பக்கத்தில், அவன் சேர்ந்த அன்று எழுதிய குறிப்பு இருந்தது. 'உரத்த குரல். அதட்டல். வெளியே போக வேண்டும் என்று ஓயாமல் கேட்கிறார். ஆவேசம். பூட்டு வார்டு பரிந்துரை.' அந்தச் சாய்ந்த எழுத்தை, 'ழ'வுக்கு வால் நீட்டும் அந்தக் கையை ஜாஸ்மிக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. கீழே அவளுடைய கையெழுத்தே இருந்தது. அக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டு, தம்பியிடம் பத்து நிமிடம் பேசியிருக்கிறாள். அந்த முகம்கூட நினைவில்லை. அடுத்து வந்தவர்கள் எல்லோரும் அவள் எழுதியதைப் படித்துவிட்டு, அதையே திரும்ப எழுதியிருந்தார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம், நாளுக்கு ஒரு தடவை.

பேருந்தில் போட்ட பட்டியல் அவளுக்கு நினைவு வந்தது.

பூட்டு வார்டின் கதவைத் திறந்தார்கள். மூன்றாம் கட்டிலில், கதவுச் சட்டத்தில் இடிக்கும் உயரத்தில் ஒரு ஆள் எழுந்து நின்றான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அக்காவின் காதருகே குனிந்து காற்றாகச் சொன்னான்.

"வந்தியாக்கா?"

கடைசிப் பக்கத்தைப் பார்த்த டாக்டர் தங்கப்பன் சற்று ஆறுதலாக, "நாலு நாளா நல்ல முன்னேற்றம். அமைதி ஆயிட்டாரு" என்றார்.

ரீத்தா தம்பியின் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் ஜாஸ்மி அன்றைக்கு முதல் தடவையாகப் பயத்தைக் கண்டாள்.

"என்ன மருந்து குடுத்திய? நீங்க எனக்க தம்பிய என்ன செய்திய? மண்டைக்காட்டு வரைக்கும் கேக்க சத்தமாக்கும் இவனுக்கு! லேய், பேசுலே! அக்கான்னு கூப்பிடுலே!"

சிலுவைமுத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடியும் கிசுகிசுத்தான். "மருந்தில்லக்கா. பக்கத்துக் கட்டில்காரரு சொல்லித் தந்தாரு. இங்க மெதுவாப் பேசினாத்தான் விடுவாவளாம். நாலு நாளாப் பாடுபட்டுப் படிச்சேன். தொண்டை நோவுது."

நேசபாய்தான் முதலில் சிரித்தார். தட்டிலிருந்த குவளையெல்லாம் கலகலத்தது. சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஜாஸ்மிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன.

டாக்டர் தங்கப்பன் கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கட்டிலில் அவர் அதற்கு முன்னால் உட்கார்ந்ததில்லை. நாற்பது நிமிடம் பேசினார்கள். ஒரு மாதம் முன்னால் அலையில் வள்ளம் கவிழ்ந்ததையும், கூட்டாளி யேசுரத்தினத்தின் சட்டை கைக்குள் வந்து நழுவிப்போனதையும், அதற்குப் பிறகு கண்ணை மூடினாலே அந்தச் சட்டை வருவதையும் சிலுவைமுத்து சொன்னான். தூக்கமில்லை என்றுதான் அக்கா கூட்டி வந்தாள். இங்கே வந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான். முப்பதாம் நாள் பூசைக்கு விடுவீர்களா என்று.

"நீ ஏன் சத்தம் போடுறேன்னு தினமும் கேட்டிருக்கோம்" என்றார் டாக்டர் எழுந்துகொண்டே. "என்ன சொல்லுறேன்னு ஒருத்தரும் கேக்கல்ல." அதை அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவர் குரலுக்கு அது பெரிய சத்தம். தூக்கத்துக்கான மாத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தினார். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்.

ரீத்தா பையைத் தூக்கினாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "நாளைக்கும் ஒங்களுக்குப் படிப்பு உண்டுமா?"

"உண்டு" என்றார் வசுமதி.

"அப்போ எங்க வள்ளத்துல வச்சுப் படிங்க. என்ஜின் ஓடையில ஒரு மணிக்கூர் மெதுவாப் பேசிக் காட்டுங்க. காட்டினா நான் இனி ஜென்மத்துக்கும் வாயத் தொறக்க மாட்டேன்."

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் ஆஸ்பத்திரி வேன் குளச்சல் கடற்கரையில் போய் நின்றது. ரீத்தாவின் கணவர் கபிரியேல் வள்ளத்தைத் தயாராக வைத்திருந்தார். டாக்டர் எல்லோருக்கும் மிதவைச் சட்டை வேண்டும் என்றதால், அக்கம்பக்கத்தில் கடன் வாங்கி எட்டுச் சட்டை சேர்த்திருந்தார். ஆகவே எட்டுப் பேர்தான் ஏற முடிந்தது. மற்றவர்கள் மணலில் நின்று கையசைத்தார்கள். மிதவைச் சட்டையில் நேசபாய் ஊதிய பலூன் போலிருந்தார். வள்ளத்தைத் தள்ளி அலையில் இறக்கியபோது அவர் விட்ட ஓலம், அதுவரை அந்தக் கரையில் யாரும் போட்டதில்லை என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் சிலுவைமுத்து கையைக் காட்ட, கபிரியேல் என்ஜினை நிறுத்தினார். அன்றைக்கு வள்ளம் கவிழ்ந்த இடம் அதுதான். சிலுவைமுத்து பூசையில் வைத்த மாலையை எடுத்துத் தண்ணீரில் விட்டான். ரீத்தா செபம் சொன்னாள். மிகவும் தாழ்ந்த குரலில், பக்கத்திலிருந்த ஜாஸ்மிக்கே பாதிதான் கேட்கிற மாதிரி சொன்னாள். மாலை அலையில் ஏறி இறங்கி அகன்று போனது. சிலுவைமுத்து அழுதான். யாரும் எதுவும் எழுதவில்லை.

பிறகு அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு, தானே என்ஜினை இழுத்து ஓட விட்டான். அது பெரும் சத்தம். காது, பல், முதுகெலும்பு எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. வள்ளம் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. ரீத்தா குறுக்குப் பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளியின் நிலையைக் குறிக்கும் படிவம். வசுமதியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

"டாக்டரே, பேரு என்ன?"

டாக்டர் தங்கப்பன் தன் வழக்கப்படி பதில் சொன்னார். உதடு அசைந்தது.

"பேச்சு இல்ல" என்று சொல்லிக்கொண்டே ரீத்தா எழுதினாள். "பேரு என்னன்னு கேட்டேன்!"

"தங்கப்பன்."

"என்ன?"

"தங்கப்பன்!"

"கேக்கல்ல!"

டாக்டர் எழுந்து நின்றார். இரண்டு கையையும் வாயில் குவித்தார். முப்பது வருடமாக உள்ளே மடித்து வைத்திருந்த குரல் ஒன்று வெளியே வந்தது.

"தங்கப்பன்! தங்கப்பன்! எம்.டி.! தங்கப்பன்!"

"குரல் உயர்வு" என்று எழுதினாள் ரீத்தா. "எழும்பி நிக்காரு. ஆவேசம். ஒரே காரியத்தத் திருப்பித் திருப்பிச் சொல்லுகாரு." பேனாவால் நேசபாயைக் காட்டினாள். "இவிய பலகையக் கெட்டிப்பிடிச்சிருக்காவ. பயம். சொன்னது கேக்கல்ல. சாப்பிட்டது நிக்கல்ல." நேசபாய் அந்த நேரத்தில் வள்ளத்தின் ஓரத்தில் குனிந்திருந்தார். டெனிஷைப் பார்த்தாள். "இவன் காரணமில்லாமச் சிரிக்கான்."

உண்மையில் எல்லோரும்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அலைக்கும் வள்ளம் எம்ப, வயிறு மேலே போய்க் கீழே வர, உப்புத்தண்ணீர் முகத்தில் அறைய, டாக்டர் தங்கப்பன் யாரும் கேட்காமலே தன் முகவரியையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வளவு காலம் இது தெரியாமல் போயிற்றே என்பது போலிருந்தது அவர் முகம்.

ஜாஸ்மி பலகைகளைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போனாள். என்ஜினருகே சிலுவைமுத்து நின்றுகொண்டிருந்தான். விடியற்காலையிலிருந்து அவள் ஒத்திகை பார்த்த வரிகள் நிறைய இருந்தன. வருத்தம், பொறுப்பு, தொழில் நெறி என்றெல்லாம். எதிர்க்காற்றில் அவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"அண்ணே, என்னை மன்னிச்சிருங்க!"

அவன் காதில் கைவைத்தான். "என்னது?"

"மன்னிச்சிருங்க!"

"மீனு பிடிச்சிருக்கா?"

"மன்னிப்பு! மன்னிப்பு! நான்தான் அன்னைக்கு எழுதினேன்! ஒங்க சத்தத்த மட்டும் கேட்டேன், பேச்சக் கேக்கல்ல! என் மேலதான் தப்பு!"

அடிவயிற்றிலிருந்து வந்த குரல் அது. அவளுக்கே யாரோ பேசுகிறார்கள் என்று தோன்றியது. வள்ளத்தில் எல்லோரும் திரும்பினார்கள். நூறு அடி தள்ளி வலை இழுத்துக்கொண்டிருந்த இன்னொரு வள்ளத்திலிருந்து ஒருவர் எழுந்து நின்று, "லேய் சிலுவ! பொம்பளப்பிள்ள இவ்வளவு கெஞ்சுகு, விட்டுக் குடுலே!" என்று கூவினார்.

சிலுவைமுத்து தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். பிறகு தன் முழுக்குரலையும் எடுத்துவிட்டான். மண்டைக்காடுவரை கேட்கும் என்று அக்கா சொன்னது கூட்டிச் சொன்னது அல்ல.

"மன்னிச்சாச்சு மக்கா!"

ரீத்தா தம்பியின் குரலைக் கேட்டதும் படிவத்தைச் சுருட்டிக் கடலில் எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

கரைக்கு வந்ததும் மரியான் ஓடிவந்து வள்ளத்தைப் பிடித்தார். முந்தின நாளே ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டதில் அவருக்குச் சற்று வருத்தம். இரண்டாம் காட்சியை நடிக்கவே விடவில்லையாம்.

அதற்கு அடுத்த புதன்கிழமை முதல், வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரி கடற்கரைக்கே வந்து ஆட்களைப் பார்ப்பது என்று டாக்டர் முடிவு செய்தார். முதல் புதனில் ஜாஸ்மிக்கு ஒரு புதிய சிக்கல் வந்தது. பங்குக் கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் நாற்காலி போட்டு ஒரு பெண்ணிடம், வீட்டில் என்ன கஷ்டம் என்று மெதுவாகத்தான் கேட்டாள். அந்தப் பெண் வழக்கமான குரலில் பதில் சொல்ல, ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆறு பேர் அதற்கு ஆலோசனையும் சொன்னார்கள். இரண்டாவதாக வந்தவருக்கும் அதே கதி. இரகசியம் காப்பேன் என்று படித்துப் பட்டம் வாங்கியவள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ரீத்தாதான் வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆரும் கேக்கப்பிடாதுன்னா இங்க வந்து இருப்பாவளா பிள்ளே? நாற்காலியத் தூக்கு."

கூட்டிக்கொண்டு போனது மீன் ஏலக்கூடத்துக்கு. சூரை மீன் வந்து குவிந்திருந்த நேரம். ஏலக்காரர் கூவ, வியாபாரிகள் அதற்கு மேல் கூவ, ஐஸ் உடைபட, பெண்கள் கூடையோடு முட்டி மோத, காக்கைகள் வேறு. அந்தக் கூட்டத்தின் நட்டநடுவில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு ஜாஸ்மியை உட்கார வைத்தாள் ரீத்தா. அடுத்து வந்த பெண்ணை எதிரே உட்கார வைத்துவிட்டுத் தானும் ஏலத்தில் கலந்து போய்விட்டாள்.

அந்தப் பெண் இருபுறமும் பார்த்தாள். ஒருவருக்கும் இவர்களைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. நாற்காலியை முழங்கால் முட்டும்வரை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவள் ஜாஸ்மியின் காதுக்குள் கத்தினாள்.

ஜாஸ்மி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பின்ன என்ன ஆச்சு?" என்று திருப்பிக் கத்தினாள்.